பிள்ளைப் போர்வை சுருங்கினால்

அக்கா பேரனுக்குப் பழைய புடவையில் தைத்த போர்வை முதல் சலவையிலேயே கொப்புளமாகச் சுருங்கி, அரக்குச் சாயமும் வெள்ளையில் ஏறிவிட்டது என்கிறீர்கள். உங்கள் தையலில் குற்றமில்லை. புடவை பல சலவை கண்டது. அடியில் கொடுத்த காடா, அதாவது வெளுக்காத பருத்தித்துணி, புதுசு. புதுக் காடா முதல் தண்ணீரில் மீட்டருக்கு 5 சென்டிமீட்டர்கூட உள்வாங்கும், கூடவே மேல்துணியை இழுத்துக்கொள்ளும்.

காடாவைப் பிரித்தெடுங்கள். அது இனி அதிகம் சுருங்காது; குறைந்த அளவுக்கு, முன்பே ஊறவைத்துக் காய்ந்த துணியில் பட்டை வெட்டிச் சுற்றிலும் ஒட்டுப்போட்டு அதையே வைக்கலாம். சாணுக்கு ஓர் ஊக்கு குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துப் போங்கள்.

சாயம் ஏறிய இடத்தில் இஸ்திரி படவே கூடாது. சோப்புத்தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். அடுத்த முறை ஈர வெள்ளைத்துணியால் புடவைக் கரையைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

உள்ளே பஞ்சு வேண்டாம், தஞ்சாவூர்ப் பக்கத்து ஐப்பசி மழையில் காயாது. பச்சைப்பிள்ளைத் துணியோடு அந்துருண்டை போட்டு வைக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுவையே உடைக்கும்.