பிள்ளைக்கு ஏடிவி வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகனுக்கு அடுத்த மாதம் எட்டு வயது நிறைகிறது. பிறந்தநாளுக்கு, தென்னந்தோப்பில் ஓட்ட ஒரு குட்டி ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர மோட்டார் வண்டி) வாங்கித் தர ஆசை. கடைக்காரர், "49 சிசி ரெண்டு வருஷத்துல சின்னதாயிடும், கொஞ்சம் கூடப் போட்டு 125 சிசியே எடுத்துக்குங்க" என்கிறார். எதை வாங்குவது?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: 125 சிசி வேண்டவே வேண்டாம். வளர்கிற பிள்ளைக்குச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாம். வண்டியை அப்படி எடுக்கக் கூடாது. 125 சிசி ஏடிவி கிட்டத்தட்ட நூறு கிலோ இருக்கும். எட்டு வயதுப் பையனின் எடை 25 கிலோ. வரப்பில் ஏறிக் கவிழ்ந்தால் அவனால் அதன் அடியிலிருந்து வெளியே வரவே முடியாது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 16 வயதுக்கு உட்பட்ட யாரும் ஏடிவி ஓட்டக் கூடாது என்பதுதான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பின் நிலைப்பாடு. அந்நாட்டுத் தர விதியில் ஆறு வயது முதலான பிள்ளைகளின் வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 24 கி.மீ.; வேகத் தடுப்பு போட்டால் 16 கி.மீ. மருத்துவர்கள் சொல்வதையும் மீறி வாங்குவதென்றால், இந்த வேகத்துக்குள் நிற்கும் வண்டியாகப் பாருங்கள்.

பையனைக் கடைக்கு அழைத்துப் போய் வண்டியில் உட்கார வையுங்கள். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றால் சீட்டுக்கும் அவனுக்கும் நடுவே 8 முதல் 15 செ.மீ. இடைவெளி வேண்டும். ஹேண்டில்பாரை முழுக்க ஒரு பக்கம் ஒடித்தாலும் எட்டிப் பிடிக்க வேண்டும். பிடியை விடாமல் விரலை நீட்டினால், நடுவிரலின் நுனியிலிருந்து முதல் கணு பிரேக் லீவரைத் தாண்டிப் போகிறதா பாருங்கள். விரல் நுனி மட்டும் தொட்டால், அவசரத்தில் பிரேக் பிடிக்காது. அந்த வண்டி வேண்டாம்.

கில் ஸ்விட்ச் கயிறு இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். மணிக்கட்டில் மாட்டும் அந்தக் கயிறு, பையன் விழுந்தவுடன் இன்ஜினை அணைத்துவிடும். கட்டைவிரல் ஆக்சிலரேட்டரை ஒட்டி ஒரு சின்ன ஸ்க்ரூ நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வேகத் தடுப்பு. அதன் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை உள்ளே திருகத் திருக வேகம் குறையும். முதல் மாதம் ஸ்க்ரூவின் பெரும்பகுதி உள்ளேயே இருக்கட்டும்.

விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு இன்ஜினில் இல்லை, பூட்டிய விதத்தில்தான். பெட்டியில் வரும் வண்டியில் சக்கரம், ஹேண்டில்பார், பம்பர் எல்லாம் இங்கேதான் மாட்டுவார்கள். அவசரத்தில் நட்டைக் கையால் திருகி விட்டுவிடுவதும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் சக்கர நட், அச்சு முனை நட், ஹேண்டில்பார் கிளாம்ப், பிரேக் கேபிள் என எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டு முறுக்குங்கள். அச்சு முனை நட்டில், அது கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா, அதன் இரண்டு காலும் மடக்கியிருக்கிறதா பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி முறுக்க வேண்டும். புது வண்டியில் கட்டாயம் தளரும்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பின்சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கி நிறுத்துங்கள். ஐடிலிலேயே, அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமலேயே, சக்கரம் சுற்றினால் ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள். குறைத்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். பிள்ளையை ஏற்றாதீர்கள்.

திருப்பத்தில் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் டிஃபரன்ஷியல் இந்தச் சின்ன வண்டிகளில் கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே அச்சில் ஒன்றாகச் சுற்றுவதால், திருப்பும்போது வண்டி நேராகவே போகப் பார்க்கும். உடம்பை உள்பக்கம் சாய்த்தால்தான் திரும்பும். சமதரையில் எட்டு போட்டுப் பழகட்டும். தோப்பில் கீழே கிடக்கும் மட்டை, சொட்டுநீர்க் குழாய், பாத்தி வரப்பு எல்லாம் கவிழ்க்கும் இடங்கள்தான். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால், அதற்கு வேலி போட்ட பிறகே வண்டியை வாங்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள குழந்தைகள் ஹெல்மெட், கணுக்கால் மூடிய ஷூ, முழுக்கால் பேன்ட் வேண்டும். பின்னால் தம்பி, தங்கை யாரும் ஏறக் கூடாது.

கேள்வி: 50 சிசிக்குக் குறைவென்றால் லைசென்ஸ் தேவையில்லையாமே? வீட்டு முன்னாலுள்ள ஊராட்சிச் சாலையில் ஓட்டலாமா?
– கோபிசெட்டிபாளையம் வாசகி

பதில்: கூடாது அம்மா. மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள் வராத சின்ன இன்ஜின் வண்டி என்றால், நான்குக்கும் குறைவான சக்கரமும் 25 சிசிக்கு மேற்படாத இன்ஜினும் உள்ளதுதான். நான்கு சக்கர, 49 சிசி ஏடிவிக்கு அது பொருந்தாது. 50 சிசி மோட்டார் சைக்கிளுக்குக்கூட 16 வயதும் லைசென்ஸும் வேண்டும். ஊராட்சிச் சாலையும் பொது இடம்தான். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். உங்கள் சொந்த, வேலி போட்ட நிலத்துக்குள் மட்டும் ஓட்டட்டும்.

கேள்வி: மகளுக்காகப் பழைய 49 சிசி வண்டி வாங்கினோம். இரண்டு நாள் ஓடியது. இப்போது ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் கயிறு வரவே இல்லை.
– திண்டுக்கல் வாசகர்

பதில்: வெறும் பெட்ரோல் ஊற்றினீர்களா? அந்த வண்டிகள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலக்காவிட்டால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெல்ல இழுங்கள். வந்தால், உள்ளே பெட்ரோல் தேங்கி நின்றதுதான் காரணம். பிளக்கைத் துடைத்து மாட்டினால் போதும். அப்போதும் வராவிட்டால் சிலிண்டரைத் திறந்தாக வேண்டும். சுவரில் நீளவாக்கில் கீறல் இருந்தால் பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். ரிங் மட்டும் போட்டால் நிற்காது.

இனி வண்டியின் புத்தகத்தில் உள்ள அளவில் கலக்குங்கள். 25க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து, தனி கேனில் குலுக்கி, பிறகு டேங்கில் ஊற்ற வேண்டும். டேங்கிலேயே நேராக ஆயிலை விட்டால் அடியில் போய்த் தங்கிவிடும்.

கேள்வி: பங்க்கில் காற்றடித்த பிறகு 110 சிசி ஏடிவி குதிக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது.
– தேனி வாசகர்

பதில்: பைக்குக்கு அடிப்பதுபோல் 25, 30 பிஎஸ்ஐ அடித்திருப்பார்கள். ஏடிவி டயருக்குப் பெரும்பாலும் ஐந்து பிஎஸ்ஐயை ஒட்டித்தான் வேண்டும். சரியான அளவு வண்டியின் புத்தகத்தில் இருக்கும். பங்க் மீட்டர் அவ்வளவு குறைவாகக் காட்டாது. குறைந்த அழுத்த கேஜ் ஒன்று வாங்கி, சைக்கிள் பம்பால் அடியுங்கள். இடது, வலது டயர்களில் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி இழுக்கும். இரண்டையும் காலையில், வண்டி எடுக்கும் முன் அளந்து சமப்படுத்துங்கள்.