மிக்-21 மாடலுக்கு வண்ணமும் டெக்கலும்: கேள்வி பதில்

இந்திய விமானப்படையில் 1963-இல் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அன்றிலிருந்து, இராயபுரத்தில் நாங்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடும் மொட்டைமாடிக்கு அந்த விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் பெட்டியோடு வருபவர்கள் பெருகிவிட்டார்கள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால், எழுதித் தந்த கேள்விகளை எல்லாம் என்னிடம் சேர்த்துவிட்டார்கள். வண்ணம், டெக்கல் (நீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள்) ஆகிய இரண்டைப் பற்றி மட்டுமே பதில் எழுதியிருக்கிறேன்.

காசிமேடு: மழை விட்ட ஒரு மாலையில் 1/72 அளவு மிக்-21-க்கு லாக்கர் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தேன். கால் மணி நேரத்தில் இறக்கை முழுவதும் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிட்டது. உரித்துவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டுமா?

வேண்டாம், தம்பி. லாக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த சொம்பின் மேல் நீர் கோப்பதுபோல, காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் படலத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் வெளுப்பு அந்த ஈரம்தான். அடியில் உள்ள வண்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயிலடிக்கும் ஒரு நாளில், ரிடார்டர் (ஆவியாவதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றி, பனி படர்வதுபோல் மெல்லியதாக ஒரு முறை அடியுங்கள். படலம் சற்றே இளகி, ஈரத்தை வெளியே விட்டு, மறுபடியும் தெளிவாக இறுகும்.

ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் அடித்த காலத்தில் கோடைக்கு ஒரு தின்னர், அடைமழைக்கு மெதுவாக ஆவியாகும் இன்னொரு தின்னர் என்று பிரித்து வைத்திருப்போம். அதே பாடம் உள்ளங்கை அளவு விமானத்துக்கும் பொருந்தும். கடலை ஒட்டி வாழும் நமக்கு, காலை பத்தரை மணிக்கு மேல் கடற்காற்று ஏறுவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் கிளியர் அடிக்க ஏற்ற பொழுது. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி மேசை மேல் வையுங்கள். அது 65 விழுக்காட்டைத் தாண்டினால் நான் லாக்கர் புட்டியைத் திறப்பதில்லை. கம்ப்ரஸருக்கும் ஏர்பிரஷ்ஷுக்கும் நடுவே நீர் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம் இருக்க வேண்டும்; டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து, தேங்கிய நீரை வேலை முடிந்ததும் வடித்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை: டெக்கல் காய்ந்த பிறகு அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிகிறது. இதுவும் ஈரம்தானா?

இல்லை, இது வேறு வெள்ளை. உங்கள் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது காய்ந்து தங்கியிருக்கிறது, டெக்கலின் பசையும் அதோடு சேர்ந்திருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் காட்டன் பட்ஸை நனைத்து உருட்டி எடுத்தால் போய்விடும். இனிமேல் டெக்கலை அந்த நீரிலேயே ஊற வையுங்கள்.

வியாசர்பாடி: வால் பகுதியில் ஒட்டிய எண்ணின் அடியில் வெள்ளிபோல் மினுங்குகிறது. பெட்டியில் வந்த டெக்கல் தரம் குறைந்ததா?

டெக்கலைக் குறை சொல்லாதீர்கள். மேட் (பளபளப்பில்லாத) வண்ணத்தின் மேல் நேராக ஒட்டியிருக்கிறீர்கள். மேட் பரப்பு, பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், வாட்டர் பேப்பரைப் போல மேடும் பள்ளமுமானது. அந்தப் பள்ளங்களில் சிக்கிய காற்றுதான் ஒளியைச் சிதறடித்து மினுங்குகிறது. இதற்கு சில்வரிங் என்று பெயர். ஆகவே முதலில் கிளாஸ் கோட் (பளபளக்கும் கிளியர் பூச்சு), பிறகுதான் டெக்கல். இதை இந்தப் பதில்களில் இன்னும் சில முறை சொல்ல வேண்டியிருக்கும்.

நான் ஒட்டும் முறையை முழுவதுமாகச் சொல்கிறேன். டாமியா எக்ஸ்-22 போன்ற கிளியரை மெல்லியதாக இரண்டு முறை அடித்து இரண்டு நாள் விடுகிறேன். பிறகு மாடலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறேன். தின்னர் வாடை சிறிதளவு வந்தாலும் அது காயவில்லை என்றே பொருள். டெக்கலை ஓரம் ஒட்டி வெட்டி, பத்துப் பதினைந்து விநாடி நீரில் முக்கி எடுத்து, ஈரத் துணியின் மேல் ஒரு நிமிடம் வைக்கிறேன். நீரிலேயே மிதக்க விட்டால் பசை கரைந்து போய்விடும். ஒட்ட வேண்டிய இடத்தில், டெக்கல் நன்றாகப் பிடிக்க உதவும் மைக்ரோ செட் திரவத்தைத் தடவி, தாளிலிருந்து டெக்கலை விரலால் தள்ளாமல், ஈரத் தூரிகையால் மாடலின் மேல் நகர்த்தி இறக்குகிறேன். இடம் சரியானதும் காட்டன் பட்ஸை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி நீரை வெளியேற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. அதன் பிறகு, டெக்கலை இளக்கும் மைக்ரோ சால் திரவம் ஒரு தடவல். சில நிமிடங்களில் டெக்கல் கிழவியின் கன்னம்போல் சுருங்கும். பதறிப்போய்த் தொட்டவர்கள் எல்லோரும் அதைக் கிழித்திருக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். காய்ந்ததும் சுருக்கம் தானாக விரிந்து, பேனல் கோட்டுக்குள்ளும் ரிவெட்டுகளின் மேலும் வண்ணம் தீட்டியதுபோல் படிந்துவிடும்.

உங்கள் வாலுக்கு இப்போது செய்யக்கூடியது இதுதான்: மினுங்கும் இடத்தில் மெல்லிய ஊசியால் நான்கைந்து துளை குத்தி, அதன் மேல் மைக்ரோ சாலை விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பகுதி மறைந்துவிடும்.

கொருக்குப்பேட்டை: மைக்ரோ சாலுக்குப் பதிலாக நெயில் பாலிஷ் ரிமூவர் போடலாமா?

கூடாது. அதிலுள்ள அசிட்டோன் டெக்கலோடு பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரும் ஏர்பிரஷ் கழுவ மட்டுமே, அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்து, முகக்கவசம் அணிந்து.

எண்ணூர்: பறக்கும் ரிமோட் விமானத்துக்கு எந்த மோட்டார் வாங்கலாம்?

அது என் துறை அன்று. பறக்க விடுபவர்களைக் கேளுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: ஏர்பிரஷ் வாங்க வசதியில்லை. தூரிகையால் அடித்தால் கோடு விழுகிறது.

தூரிகையால் அழகாக முடித்த மாடல்களை நான் பார்த்திருக்கிறேன். மனம் தளர வேண்டாம். வல்லேஹோ போன்ற நீர் கலக்கும் அக்ரிலிக்கைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, அகலமான மென்தூரிகையால், முதல் பூச்சில் அடிப்பகுதி தெரிந்தாலும் பரவாயில்லை என்று விட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகு குறுக்குத் திசையில் அடுத்த பூச்சு என்று மூன்று நான்கு முறை பூசுங்கள். பாதி காய்ந்த இடத்துக்குத் தூரிகையைத் திரும்பக் கொண்டுபோவதால்தான் கோடு விழுகிறது. தொடங்குவதற்கு முன் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் பாகங்களைக் கழுவுங்கள். கை எண்ணெய் படிந்த இடத்தில் எந்த வண்ணமும் நிற்காது.

திருவொற்றியூர்: 1971 போரில் பறந்த மிக்-21 செய்கிறேன். எல்லாம் பளபளக்கும் உலோக நிறம்தானே?

எல்லாம் அல்ல. அப்போது பறந்தவற்றுள் முதன்மையானது எஃப்.எல். வகை. அவை வண்ணம் பூசாத உலோகத் தோலோடுதான் படைக்கு வந்தன. போர் நெருங்கியபோது, தரையில் நிற்கும் விமானம் மேலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணாடிபோல் மின்னக் கூடாது என்று பலவற்றுக்கு ஸ்குவாட்ரன்களிலேயே (விமானப் படைப்பிரிவுகளிலேயே) கிடைத்த வண்ணத்தைக் கொண்டு பச்சை உருமறைப்புப் பூசினார்கள்.

அதே வாசகர், மறுபடியும்: எங்கள் வீட்டுப் பெரியவர் அந்தக் காலத்தில் விமானத் தளத்தில் வேலை பார்த்தவர். வெள்ளி நிறத்தில்தான் பார்த்ததாக உறுதியாகச் சொல்கிறார். நீங்கள் பச்சை என்கிறீர்கள்.

பெரியவர் சொல்வது பொய் என்று நான் சொல்லவே இல்லை. அவர் பார்த்த விமானம் வெள்ளியாகவே இருந்திருக்கும். ஒரு தளத்தில் ஒரு மாதத்தில் பார்த்ததை வைத்து எல்லாத் தளத்துக்கும் முடிவு கட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பெரம்பூர்: இந்த விவாதத்தில் நான் திருவொற்றியூர்க்காரர் பக்கம். பெட்டியில் வந்த குறிப்புத் தாளிலும் உலோக நிறம்தான் இருக்கிறது. இல்லை, பச்சைதான் என்றால் அந்தப் பச்சையின் எண்ணைச் சொல்லுங்கள்.

எண் கேட்பதிலேயே சிக்கல் இருக்கிறது. தொழிற்சாலையில் அடித்த வண்ணத்துக்குத்தான் எண் உண்டு. தளத்தில் இருந்ததைக் கலந்து அவசரமாகப் பூசிய வண்ணத்துக்கு ஒரே எண்ணைத் தேடினால் கிடைக்காது. அடுத்தடுத்து நின்ற இரண்டு விமானங்கள் ஒன்றுபோல் இருந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. குறிப்புத் தாளை வரைந்தவர் ஏதோ ஒரு விமானத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: பொதுவாக 1971 மிக்-21 என்று செய்யாமல், வால் எண் தெரியும் ஒரு புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்து அந்த ஒரு விமானத்தைச் செய்யுங்கள். மிக்-21-களின் எண் சி என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எண் உங்கள் படத்தில் உலோகத்தின் மேல் இருந்தால் உலோகம், பச்சையின் மேல் இருந்தால் பச்சை. கருப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி நிறத்துக்காகச் சண்டை போட வேண்டாம்.

இவ்வளவு வாதிடும் இருவரிடமும் ஒன்று கேட்கிறேன்: கையில் இருப்பது எந்த வகைப் பெட்டி? சென்ற மாதம் வந்த பெட்டிகளில் பாதி பிஸ் வகை. அது 1971 போருக்குப் பிறகே நம் படைக்கு வந்தது. எஃப்.எல்.-லின் விமானி கூண்டின் கண்ணாடி மூடி முன்பக்கமாகத் திறக்கும், எம்.எஃப். வகையில் அது பக்கவாட்டில் திறக்கும். வண்ணத்துக்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலோக நிறமே வேண்டும் என்றால், 1500 சர்ஃபேசர் என்ற அடிப்பூச்சை அடித்து, 2000 எண் வாட்டர் பேப்பரால் நீர் தொட்டுத் தேய்த்து, பளபளக்கும் கருப்பை அடித்தளமாக அடித்து, அதன் மேல் உலோக லாக்கரை மிக மெல்லியதாகப் படர விடுங்கள். அடித்தளத்தில் ஒரு தூசி இருந்தாலும் உலோகம் அதைக் காட்டிக் கொடுக்கும். மூக்குக் கூம்பும் வாலின் உச்சியும் மின்காப்புப் பொருளால் ஆனவை என்பதால், அவற்றுக்குத் தனி வண்ணம் வேண்டும். அதற்காக ஒட்டும் மாஸ்கிங் டேப்பை முதலில் உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை: அண்ணன் வைத்துவிட்டுப் போன பழைய பெட்டி. டெக்கல் தாள் மஞ்சளாகிவிட்டது.

தாளை வெளிப்பக்கம் பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, சில நாள் வெயில் பட விடுங்கள். பெரும்பாலும் மஞ்சள் வெளுத்துவிடும். பிறகு தேவையில்லாத ஒரு துண்டை மட்டும் நீரில் போட்டுப் பாருங்கள். அது நொறுங்கினால், மீதித் தாளின் மேல் டெக்கல் ஃபிலிம் திரவத்தைப் பூசிக் காயவைத்து, ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள். அண்ணனுடைய பெட்டி என்கிறீர்கள், அவசரப்பட வேண்டாம்.

மூலக்கொத்தளம்: கிளியர் அடித்ததும் வெள்ளையாகிறது. என்ன செய்வது?

காசிமேட்டுக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

எருக்கஞ்சேரி: ஸ்டென்சில் எழுத்துகள் (விமானத் தோலில் உள்ள சிறு குறிப்புகள்) சிறியவைதானே, அவற்றை மட்டும் மேட்டின் மேல் ஒட்டினால் என்ன?

சிறிய டெக்கலுக்கு அடியிலும் காற்று சிக்கும். கிளாஸ் கோட் அடியுங்கள்.

காலடிப்பேட்டை: நம் வட்டச் சின்னத்தில் எந்த நிறம் உள்ளே, எது வெளியே? பச்சை இறக்கை மேல் ஒட்டினால் வெள்ளை வளையம் மங்கலாகிவிடுகிறது. 1944 பர்மா போர்முனையின் ஹரிக்கேன் ஒன்றும் வைத்திருக்கிறேன். அதற்கும் இதே சின்னமா?

நடுவில் பச்சை, அடுத்து வெள்ளை, வெளியே காவி. ஹரிக்கேனுக்கு இது பொருந்தாது. ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அந்தப் போர்முனையில் சிவப்பையே நீக்கிவிட்டு, வெளிர் நீலமும் அடர் நீலமும் மட்டும் வைத்திருந்தார்கள். விடுதலைக்குப் பின் 1950 வரை அசோகச் சக்கரம் சின்னமாக இருந்தது. மூவண்ண வட்டம் அதற்கும் பிறகே வந்தது. எனவே விமானத்தின் ஆண்டைப் பார்த்த பிறகே டெக்கலை வெட்டுங்கள்.

வெள்ளை மங்குவதற்குக் காரணம், மெல்லிய டெக்கலின் ஊடே அடியிலுள்ள கரும்பச்சை தெரிவதுதான். வட்டத்தைவிட ஒரு மயிரிழை சிறியதாக வெறும் வெள்ளை டெக்கலில் ஒரு வட்டம் வெட்டி முதலில் ஒட்டுங்கள். அது ஒரு நாள் காயட்டும். பிறகு அதன் மேல் மூவண்ணத்தை இறக்குங்கள். மறுநாள் டிஸ்டில்டு வாட்டரால் துடைத்து, கடற்காற்று ஏறுவதற்குள் மேலே கிளியரை அடித்துவிடுங்கள்.