ஆம்புலன்ஸ் பில்லுக்குப் பயந்து 911-ஐ அழைக்காமல் இருந்துவிடாதீர்கள்

தம்பி, கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி, நிறுவனம் கொடுத்த காப்பீட்டுத் தாளில் ‘அவசர மருத்துவப் போக்குவரத்து: டிடக்டிபிளுக்குப் பிறகு 20 சதவீதம்’ என்று ஒரு வரி இருக்கிறது, அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் ஆயிரக்கணக்கில் பில் வரும், அவசரமென்றால் ஊபரில் போய்விடுவதே நல்லது என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நண்பரின் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்காதீர்கள். நாங்கள் கேட்டோம்.

2016 பிப்ரவரியில் ஓர் இரவு, பதினொரு மணி இருக்கும். ஃப்ரீமாண்ட் வீட்டில் என் கணவர் நெஞ்சில் கல்லை ஏற்றி வைத்ததுபோல் இருக்கிறது என்றார். சட்டையெல்லாம் வியர்வை. நான் தொலைபேசியை எடுத்தேன். “ஆம்புலன்ஸ் வேண்டாம், நீயே ஓட்டு, பத்து நிமிடம்தானே” என்றார். எனக்கும் அந்த நேரத்தில் பில்தான் நினைவுக்கு வந்தது. இரண்டாவது சிக்னலில் அவர் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு இங்குள்ள அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எந்தத் தெரு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எதிரே இருந்த கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

வண்டி வந்ததும் அவர்கள் செய்ததை இன்னும் மறக்கவில்லை. அவரை ஏற்றிய கையோடு ஈசிஜி எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே அடைப்பை நீக்கும் குழு தயாராக நின்றது. என் கார் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும், அவ்வளவுதான். சிகிச்சை சாலையிலேயே தொடங்கியது அந்த வண்டியால். இன்று காலையும் நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வீட்டு வாசலிலிருந்தே கூப்பிடாமல் விட்ட அந்த ஏழெட்டு நிமிடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

நம் ஊரில் 2008 முதல் 108 ஓடுகிறது. கூப்பிட்டால் வரும், காசு கேட்காது. இங்கே 911-ஐ அழைப்பதற்குக் காசில்லை. ஏற்றிக்கொண்டு போனால் பில் உண்டு. அந்தக் கணக்கை நிதானமாக இருக்கும் இப்போதே பார்த்து வைத்துவிடுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் தாளை, அதாவது காப்பீட்டுப் பலன்களின் சுருக்கத்தை, இங்கே எஸ்.பி.சி. என்பார்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவத்தில்தான் தர வேண்டும். உடனடிச் சிகிச்சை பற்றிய பகுதியில், அவசரப் பிரிவுக்கும் ‘அர்ஜென்ட் கேர்’ மையத்துக்கும் நடுவே நீங்கள் கேட்ட வரி இருக்கும். 20 சதவீதம் என்றதும் 2,000 டாலர் பில்லுக்கு 400 கட்டினால் போதும் என்று நினைத்துவிடுவோம். அப்படியில்லை. டிடக்டிபிள் என்பது காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் ஓர் ஆண்டில் நாமே கட்ட வேண்டிய தொகை. உங்களுடையது 1,500 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் வேறு மருத்துவச் செலவே வரவில்லை என்றால் முதல் 1,500 முழுவதும் உங்களுடையது; மிச்சம் 500-இல் 20 சதவீதம் 100. ஆக 1,600. டிடக்டிபிளைக் கழிக்காமல் ஒரு நிலையான தொகை மட்டும் வாங்கும் திட்டங்களும் உண்டு. உங்கள் நிறுவனம் இரண்டு மூன்று திட்டங்கள் தருகிறது என்றால், பிரசவம் வரப்போகும் ஆண்டில் பிரீமியத்தை மட்டும் ஒப்பிடாமல் இந்த வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தேர்வு செய்யப் பெரும்பாலும் 30 நாள்தான் தருவார்கள். உங்களுக்கு அதில் மூன்று வாரம் போய்விட்டது.

அதே வரியில் நெட்வொர்க்குக்கு (காப்பீட்டு நிறுவனத்தோடு கட்டண ஒப்பந்தம் செய்துகொண்டவர்களின் பட்டியலுக்கு) உள்ளே, வெளியே என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் இரண்டிலும் ஒரே எண் இருக்கும். அதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். எங்களுக்கு வந்த பில் 1,840 டாலர். முதலில் காப்பீடே இல்லாதவர் என்ற கணக்கில் வந்தது, ஏனென்றால் அந்த இரவில் வண்டிக்காரர்கள் அட்டையைக் கேட்கவில்லை. எண்ணைச் சொன்ன பிறகு கிளெய்ம் போனது. வண்டி நெட்வொர்க்கில் இல்லை, இதற்கு நியாயமான கட்டணம் 900தான் என்று காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்து அதில் 80 சதவீதமாக 720 கொடுத்தது. டிடக்டிபிள் மருத்துவமனைச் செலவிலேயே தீர்ந்திருந்தது. எங்கள் 20 சதவீதம் 180. அதோடு 1,840-க்கும் 900-க்கும் இடைப்பட்ட 940-ஐயும் ஆம்புலன்ஸ் நிறுவனம் எங்களிடமே கேட்டது. மொத்தம் 1,120.

நான் கட்டவில்லை. மேல்முறையீடு எழுதினேன். இங்கே பல இடங்களில் கவுண்டியே, அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகமே, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறுவனத்தை நியமித்திருக்கிறது. 911-ஐ அழைப்பவர் இந்த வண்டி வேண்டும், அந்த வண்டி வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதைத்தான் எழுதினேன். வண்டியில் வந்தவர்கள் எழுதிய சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி இணைத்தேன். ஈசிஜியில் கண்டது அதில் இருந்தது. இரண்டு மாதத்தில் முழு பில்லையும் நெட்வொர்க் கணக்கில் ஏற்றுக்கொண்டார்கள். நாங்கள் கட்டியது 368. நிறுவனக் குழுக் காப்பீட்டில் மறுப்பு வந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 180 நாள் அவகாசம் உண்டு. பில் வந்த அன்றே அட்டையைத் தேய்த்துக் கட்டிவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் இ.ஓ.பி. கணக்குத்தாள் வரட்டும், இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் ‘நோ சர்ப்ரைசஸ்’ என்ற மத்தியச் சட்டம், அவசரப் பிரிவிலும் ஹெலிகாப்டர், விமான ஆம்புலன்ஸிலும் இப்படி மீதித் தொகை நம் தலையில் விழாமல் காக்கிறது. தாஹோ மலைப்பகுதிக்குப் பனி பார்க்கப் போகும் நம் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். வான்வழி பில் பல்லாயிரம் டாலர் வரும். ஆனால் தரையில் ஓடும் ஆம்புலன்ஸை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. நூற்றில் பெரும்பாலானோர் ஏறுவது அதில்தானே! அந்த இடைவெளியைக் கலிஃபோர்னியா ஏபி 716 என்ற சட்டத்தால் அடைத்தது. 2024 ஜனவரி 1 முதல் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள வண்டியானாலும் நெட்வொர்க் பங்கை மட்டும் கட்டினால் போதும்.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது, தம்பி. பெரிய நிறுவனங்கள் பல, காப்பீடு வாங்குவதில்லை. பணியாளரின் மருத்துவச் செலவைத் தங்கள் பணத்திலிருந்தே கொடுக்கின்றன. அட்டையில் இருக்கும் காப்பீட்டு நிறுவனம் கணக்குப் பார்ப்பதோடு சரி. இப்படிப்பட்ட சுயநிதித் திட்டங்கள் 1974-ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வருகின்றன; மாநிலச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆகவே நாளைக்கே எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நம் திட்டம் சுயநிதியா, தரை ஆம்புலன்ஸ் நெட்வொர்க்கில் இல்லாவிட்டால் மீதித் தொகை என் தலையில் விழுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பிரசவ வலிக்கு எல்லோரும் ஆம்புலன்ஸில் போவதில்லை; கார் போதும். இரத்தப்போக்கு, வலிப்பு, மயக்கம் என்றால் 911தான், யோசனையே வேண்டாம். பச்சிளம் குழந்தையை வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வந்தால் அந்த வண்டிக்கும் தனி பில் வரும். குழந்தை பிறந்து 30 நாளுக்குள் அதன் பெயரைத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள், பிறந்த நாளிலிருந்தே செல்லும்.

பிரசவத்துக்கு அம்மா வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரை உங்கள் குழுக் காப்பீட்டில் சேர்க்க முடியாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பயணக் காப்பீடு வாங்கிவிடுங்கள். மலிவான திட்டங்களில் ஆம்புலன்ஸுக்கு இவ்வளவுதான் என்று ஒரு சிறு தொகையை நிர்ணயித்திருப்பார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் படியுங்கள்.

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு காகிதம் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது. வீட்டு எண், தெரு, அடுக்ககத்தின் எண், வாயில் கதவைத் திறக்கும் ரகசிய எண், காப்பீட்டு அட்டையின் இரு பக்க நகல், அவர் சாப்பிடும் மாத்திரைகள். என் அம்மா வந்திருந்தபோது முகவரியைத் தமிழ் எழுத்திலும் எழுதி ஒட்டினேன். ஆங்கிலம் வராவிட்டால் “தமிழ்” என்று மட்டும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பவரை இணைப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். இன்று இரவே உங்கள் வீட்டுக்கும் ஒன்று எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். திட்டத்தைத் தேர்வு செய்யுமுன் எஸ்.பி.சி. தாளில் ஏதாவது புரியவில்லை என்றால் அந்த வரியை அப்படியே எழுதிக் கேளுங்கள்.