புரோக்கர் யார் பக்கம்? வாங்குவோர், விற்போர் கேள்வி பதில்

கருங்கல் வாசகி: அண்ணாச்சி, பத்து சென்ட் தென்னந்தோப்பு பார்த்திருக்கிறோம். புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறார். எங்களுக்காகப் பேசுவார்தானே?

அப்படி நம்பிவிடாதீர்கள் தங்கச்சி. இரண்டு பக்கமும் வாங்குபவருக்கு வியாபாரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். இடம் காட்டினார், ஆளைச் சேர்த்துவைத்தார், அதற்குரிய கூலியைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம் பார்க்க நீங்களே ஒரு வக்கீலைப் பிடியுங்கள், புரோக்கர் கூட்டிவருபவர் வேண்டாம். 1956 நவம்பர் 1-க்கு முன் நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்ததால், பழைய முன் ஆதாரங்கள் பல மலையாளத்தில்தான் இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தவராகப் பாருங்கள். வில்லங்கச் சான்றில் பதிவாகாத உயிலும் வராது, வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பங்கும் வராது. பட்டாவில் ஏர்ஸ் கணக்கு இருக்கும் (ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர்). பத்து சென்ட் என்றால் சுமார் 4.05 ஏர்ஸ் வர வேண்டும்.

தக்கலை வாசகர்: "சென்டுக்கு மூன்று லட்சம் எனக்கு, மேலே கிடைப்பது உனக்கு" என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். சரிதானே?

இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர் நான்கு லட்சம் சொல்லுவார், வாங்குபவரை உங்கள் கண்ணில் காட்டமாட்டார். நாளைக்குத் தொகையில் தகராறு வந்தால் பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது. ஏஜென்ட் உங்களுக்குத் தெரியாமல் தன் கணக்கில் வியாபாரம் செய்தால் அந்த லாபத்தை நீங்கள் கேட்கலாம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 216-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்களோ முன்கூட்டியே சம்மதித்துவிட்டீர்கள். இன்றைக்கே கூப்பிட்டு, விலையில் இத்தனை சதவீதம் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

அபுதாபியிலிருந்து: ஊருக்கு வர முடியவில்லை. இடத்தை விற்க மச்சானுக்கு பவர் (என் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாமா?

கொடுக்கலாம் தம்பி. பொது பவர் வேண்டாம். அந்த ஒரு சர்வே எண்ணுக்கு மட்டும், குறைந்தபட்ச விலையையும், பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்பதையும் போட்டு எழுதுங்கள். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்தால், பொதுவாக பவரும் அத்தோடு முடிந்தது. வாங்குபவர்களும் கவனியுங்கள்: வெறும் பவரும் அக்ரிமெண்டும் கையில் இருந்தால் இடம் உங்களுக்குச் சொந்தமாகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நாகர்கோவில் வாசகர்: புரோக்கருக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டாமா?

2016 சட்டப்படி, ரெராவில் பதிவு செய்ய வேண்டிய மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களை விற்றுத் தருபவருக்கு வேண்டும். தனி ஒருவரின் தோப்புக்கோ பழைய வீட்டுக்கோ அது வராது.

குளச்சல் வாசகர்: அட்வான்ஸ் இரண்டு லட்சத்தை ரொக்கமாக புரோக்கர் கையில் கொடுக்கச் சொல்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். நில வியாபாரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடுவதில்லை. பணம் வங்கி வழியாக நேரே உரிமையாளர் கணக்குக்குப் போகட்டும். அக்ரிமெண்டைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் போடுங்கள்.