கல்யாணம் பற்றி நாலு பக்கம், அவரைப் பற்றி ஒரு வரி

கேள்வி: எனக்கு வயது 32. நல்ல வேலை, சொந்தச் சம்பாத்தியம், தனியாக இருந்து பழகிவிட்டது. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பெரிய ஆசையும் இல்லை. வீட்டில் "இன்னும் எத்தனை நாள்?" என்று நச்சரிக்கிறார்கள். அவசரப்பட்டு மாட்டிக்கொள்வேனோ என்று ஒரு பயம். வயதான காலத்தில் யாரும் இல்லாமல் போய்விடுவேனோ என்று இன்னொரு பயம். இரண்டு வருடமாகப் பழகும் நண்பர் ஒருவர் இருக்கிறார், நல்லவர், அவருக்கு என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பம். எந்த வயதில் முடிவெடுப்பது சரி? கல்யாணம் அவசியம்தானா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறோம். முழுக் கடிதம் நாலு பக்கம். அதில் சுதந்திரம் பற்றி, தனிமை பற்றி, வயது பற்றி எல்லாம் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நண்பருக்கு மட்டும் ஒரே ஒரு வரி. 'நல்லவர்' என்பதோடு அவர் கதை முடிந்துவிட்டது. என் பதில் முழுக்க அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான்.

விஞ்ஞானி சார்லஸ் டார்வினும் இதே குழப்பத்தில் இருந்தார். 1838-இல், அப்போது அவருக்கு வயது 29, ஒரு தாளை எடுத்துக் கல்யாணம் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தார். குழந்தைகள், முதுமையில் பேச்சுத்துணை என்று ஒரு பக்கம். நினைத்த இடத்துக்குப் போகமுடியாது, நேரம் போய்விடும், புத்தகம் வாங்கக் காசு மிஞ்சாது என்று இன்னொரு பக்கம். கூட்டிக் கழித்து, செய்துகொள்வது என்று முடிவுகட்டினார். உடனே அடுத்த கேள்வியையும் எழுதினார்: எப்போது, சீக்கிரமா, தாமதமாகவா? நீங்கள் கேட்டிருப்பதும் இதே இரண்டைத்தான்.

அந்தத் தாளில் எந்தப் பெண்ணின் பெயரும் கிடையாது. அதே வருடம் நவம்பரில் எம்மா வெட்ஜ்வுட்டிடம் சம்மதம் கேட்டார், 1839 ஜனவரியில் திருமணம். அவர்களுக்குள் வந்த பெரிய சிக்கல் பணமோ நேரமோ இல்லை, கடவுள் நம்பிக்கை. எம்மா ஆழ்ந்த பக்தி உள்ளவர். டார்வினுக்கோ சந்தேகங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. மனைவியிடம் இதையெல்லாம் மறைத்துவிடு என்பது அப்பாவின் அறிவுரை. மகன் கேட்கவில்லை, கல்யாணத்துக்கு முன்பே எம்மாவிடம் சொல்லிவிட்டார். எம்மாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் வெளிப்படையாகப் பேசியதற்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அந்தக் கருத்து வேறுபாடு கடைசிவரை தீரவில்லை. ஆனாலும் டார்வின் இறக்கும்வரை 43 வருடம் சேர்ந்தே வாழ்ந்தார்கள். அந்தப் பட்டியலைவிட எம்மாவிடம் மனம்விட்டுப் பேசியதுதான் அந்த வாழ்க்கைக்கு அடிப்படை என்று நான் நினைக்கிறேன்.

அதனால் 'கல்யாணம் அவசியமா' என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்காது. இவரோடு ஒரு வாழ்க்கை வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு நீங்களே பதில் தேடலாம். கடைசியாக உங்கள் இருவருக்கும் எப்போது மனஸ்தாபம் வந்தது? அப்புறம் யார் முதலில் பேசினார்கள்? நீங்கள் 'முடியாது' என்று சொன்னபோது அவர் முகம் எப்படி மாறியது? காய்ச்சலில் படுத்திருந்த அன்று அவர் என்ன செய்தார்? இரண்டு வருடப் பழக்கத்தில் இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால், இதுவரை எல்லாம் நன்றாக இருந்த நாட்களில் மட்டும்தான் பழகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் பேச்சு. பணத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். கடன் இருக்கிறதா, வீட்டுக்கு மாதாமாதம் யார் என்ன அனுப்புகிறீர்கள், அது கல்யாணத்துக்குப் பிறகும் தொடருமா? ஒருவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தால் யார் விட்டுக்கொடுப்பது? இதைக் கேட்டதும் "அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம்" என்று அவர் சிரித்து நழுவினால், இன்னொரு நாள் மறுபடி கேளுங்கள். திரும்பவும் நழுவினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வயது விஷயம். குழந்தை பெற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் மட்டும்தான் காலம் உண்மையிலேயே நெருக்கும். பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு முப்பதுகளில் மெல்லக் குறைந்து, 35-க்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. ஆண்களின் வயதும் இதில் கணக்குண்டு. கருமுட்டையை உறையவைத்துப் பாதுகாக்கலாம், ஆனால் அதனால் குழந்தை நிச்சயம் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. உங்கள் கடிதத்தில் குழந்தை பற்றிப் பேச்சே இல்லை. ஆசை இருந்தால் மகப்பேறு மருத்துவரை ஒருமுறை பார்த்துப் பேசுங்கள், நண்பரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆசை இல்லையென்றால் 32 என்பது வெறும் எண், அதைக் கண்டு ஓடவேண்டியதில்லை.

தனிமைப் பயத்துக்காக மட்டும் யாரையும் கட்டிக்கொள்ளாதீர்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938-இல் தொடங்கி இன்றுவரை நடத்திவரும் ஆய்வில், ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று தெரிந்தது. அந்த உறவுகளில் நண்பர்களும் அடக்கம். மனம் ஒட்டாதவரோடு ஒரே வீட்டில் இருப்பது தனிமையிலேயே மோசமான தனிமை. கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதற்கும் ஏற்பாடு வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, சேமிப்புக்கு யாரை நாமினியாகப் போடுவது என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். தோழிகளைச் சும்மா போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் அடிக்கடி நேரில் பாருங்கள்.

வீட்டாரிடம் 'பார்க்கலாம்' என்று இனிச் சொல்லாதீர்கள். அந்தச் சொல்தான் அவர்களைத் திரும்பத் திரும்பக் கேட்கவைக்கிறது. "ஆறு மாதம் டைம் கொடுங்கள், அதுவரை இந்தப் பேச்சு வேண்டாம், நானே வந்து சொல்கிறேன்" என்று தேதியோடு சொல்லிவிடுங்கள். அந்தத் தேதியை நண்பரிடமும் சொல்லுங்கள். இரண்டு வருடமாகப் பழகி, உங்கள் பதிலுக்குக் காத்திருப்பவர் அவர்தான். வேண்டாம் என்று முன்னமே தெரிந்துவிட்டால் ஆறு மாதம் முடியும்வரை இழுக்காமல் முதலில் அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள், வீட்டுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.