ஒல்லியான அப்பாவுக்குச் சர்க்கரை குறையவில்லை என்றால் வாயைக் கட்டவில்லை என்றுதான் அர்த்தமா?

58 வயது, ஒல்லி உடம்பு, மூன்று வகை மாத்திரை, அப்படியும் சர்க்கரை குறையவில்லை; "அப்பா திருட்டுத்தனமாக எதையாவது தின்கிறாரோ" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியைப் படித்ததும் சுருக்கென்றது. இரண்டு வருடம் என் வீட்டில் அந்தத் திருடன் நான்தான்.

பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். 52 வயதில் சர்க்கரை என்றார்கள். மாத்திரை ஏழெட்டு மாதம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. பாக்கி வசூலிக்க நான் கீழக்கரைக்குப் போகிறவன். அங்கே தொதல் என்ற இனிப்பு விற்கிறது, இது போதாதா? போய்வந்த இரவெல்லாம் என் மனைவி சட்டைப்பையை முகர்ந்து பார்ப்பாள். மருத்துவரும் "உணவுக் கட்டுப்பாடு இல்லை" என்று சீட்டிலேயே எழுதினார். ஒரு துண்டுகூடத் தொட்டதில்லை என்று சத்தியம் செய்தேன், யார் நம்பினார்கள்? மூட்டை நிறுக்கும் தராசு மட்டும் என் பக்கம் நின்றது: 63 கிலோ இருந்தவன் 51க்கு வந்துவிட்டேன். "முதலாளி, நெத்திலி மூட்டையே உங்களைவிடக் கனம்" என்றான் கடைப் பையன்.

2023இல் மதுரைக்குப் போனேன். பாம்பன் ரயில் பாலம் அப்போது மூடிக் கிடந்தது, பஸ்தான் கதி. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். ரோட்டுப் பாலத்தின் நடுவே சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்க, பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. 1988இல் அந்தப் பாலத்தைத் திறந்தது ஊர் போய்வரவா, செல்ஃபி எடுக்கவா? கேட்டால் "உங்கள் வீட்டுப் பாலமா" என்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மதுரை மருத்துவர், தைராய்டு மாத்திரை எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பிறகு இரண்டு சோதனை எழுதினார்: காட் (GAD) ஆன்டிபாடி, சி-பெப்டைடு (C-peptide). முதலாவது மிக அதிகம். என் உடம்பின் காவல் படையே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துக்கொண்டிருந்திருக்கிறது. தைராய்டையும் பல நேரம் இதே படைதான் தாக்கும், அதனால்தான் அந்தக் கேள்வி. சி-பெப்டைடு இன்சுலினோடு சரிசமமாக வெளிவருவது. எனக்கு அது குறைவு, அதாவது சொந்தச் சரக்கு தீர்ந்துவருகிறது. இதற்கு லாடா என்று பெயர். சிறுவர்களுக்கு அதிகம் வரும் முதல் வகைச் சர்க்கரைக்கு நெருங்கிய சொந்தம். பெரியவர்களிடம் மெதுவாக முற்றுவதால் இரண்டாம் வகை என்று நினைத்துவிடுகிறார்கள். கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலின் எடுப்பவை. பால் எடுத்த தேங்காய்ப்பூவை இன்னும் எத்தனை முறை பிழிவது?

கருவாட்டுக்காரனுக்கு மருத்துவம் எதற்கு என்று சிலர் வருவீர்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கெல்லாம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் ஒல்லியானவர்களுக்கும் இரண்டாம் வகைதான் அதிகம். முதல் மருத்துவரையும் குறை சொல்லவில்லை. சீட்டில் எழுதியதற்காக மட்டும் கொஞ்சம் சொல்வேன். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்பாவின் எடை குறைகிறதா, தைராய்டு உண்டா என்று பாருங்கள். அந்த இரண்டு சோதனைகளின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் கேளுங்கள். நான் இப்போது இன்சுலின் போடுகிறேன், தராசு 59 காட்டுகிறது. சட்டைப்பைச் சோதனை மட்டும் இன்னும் நின்றபாடில்லை.