அறுவடை தொடங்கினால் பிள்ளைக்கு இழுப்பு: டானிக் கொடுக்கலாமா?

"மன்னார்குடி பக்கம் கிராமம். வீட்டுக்கு எதிரே நெல் கொள்முதல் நிலையம். என் மகனுக்கு 9 வயது. தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கினால் இருமல், இரவில் இழுப்பு. காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு கூடுதலாம். எதிர்ப்புச் சக்தி குறைவு, டானிக் கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா?"

டானிக் வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி ஓயாமல் வேலை செய்கிறது. அதுதான் தொந்தரவே.

நெல் தூற்றும்போது பதரோடும் சுணையோடும் சேர்ந்து, நெல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் மேலுறைத் துணுக்குகளும் பறக்கின்றன. இவற்றுக்கு எண்டோடாக்சின் என்று பெயர். நுரையீரலைக் காவல் காக்கும் மேக்ரோபேஜ் செல்களில் டி.எல்.ஆர்-4 என்றொரு ஏற்பி உண்டு. எண்டோடாக்சின் அதைத் தொட்டதும், கிருமியே நுழைந்துவிட்டதாகச் செல் எடுத்துக்கொள்கிறது. என்.எஃப். கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை முடுக்க, சைட்டோகைன் எனும் தகவல் புரதங்கள் வெளியே வருகின்றன. வைக்கோல் புகையில் இருக்கும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் வேறு வழியாக வந்து அதே கப்பா-பி புரதத்தை எழுப்பிவிடும். மூச்சுக்குழாயின் உட்சுவர் புண்பட்டால் அங்கிருந்து டி.எஸ்.எல்.பி., ஐ.எல்-33 என்ற செய்திகள் கிளம்பும். அவற்றைப் பெற்ற செல்கள் ஐ.எல்-5 சுரக்கும். எலும்பு மஜ்ஜையிலிருந்து ஈசினோபில்களை வரவழைப்பது இந்த ஐ.எல்-5தான். உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் கூடியிருப்பது இதனால் இருக்கலாம்.

வாய்க்கால் கரை உடைந்தது என்று கூவினால் ஊரே மண்வெட்டியோடு ஓடி வரும். தினமும் கூவினால், ஓடி வருகிற கால்களே பயிரை மிதித்துவிடும். பிள்ளையின் மூச்சுக்குழாயில் அந்த மிதிபாடுதான் நடக்கிறது. இதில் டானிக் செய்ய ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. டெல்டாவில் யானைக்கால் நோய் இருந்த ஊர்கள் பல. அந்த நோயைத் தரும் நுண்புழுவை எதிர்த்து நுரையீரல் அழன்றாலும் இரவு இருமலும் இழுப்பும் வரும். அப்போது ஈசினோபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பெரும்பாலும் 3,000-ஐத் தாண்டிவிடும். குடற்புழுவும் எண்ணிக்கையைக் கூட்டும். அதனால் சதவீதத்தோடு நிற்காமல் மொத்த எண்ணிக்கையை மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? தூற்றும் மிஷின் ஓடும் நேரத்தில் அந்தப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் படிந்த தூசி மறுபடி எழும்பும். முகத்தில் துண்டு கட்டுவதை நம்பாதீர்கள், நுண்துகள் அதில் நிற்காது. பிள்ளை படுக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருள் வேண்டவே வேண்டாம், வலை கட்டுங்கள். பகலெல்லாம் தூசி தின்ற மூச்சுக்குழாய்க்கு இரவிலாவது ஓய்வு வேண்டும்.

அப்புறம் இன்ஹேலர். பழக்கமாகிவிடும் என்று பல தாய்மார்கள் பயப்படுகிறார்கள். ஆஸ்துமா என்று உறுதியானால், ஸ்டீராய்டு இன்ஹேலர் மிகக் குறைந்த அளவில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போய், அந்தக் கப்பா-பி முடுக்கிய மரபணுக்களை அடக்குகிறது. அது பழக்கம் உண்டாக்கும் மருந்து அல்ல. இழுப்பு வந்த பிறகு ஓடாமல் மார்கழியிலேயே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஸ்பேசர் எனும் குழாயை இன்ஹேலரோடு வைத்து இழுக்கப் பழக்கச் சொல்லுங்கள்.

மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.